ஃபிளானரி ஓ'கானரின் ‘ரெவலேஷன்’ கதையை எப்படிப் படிப்பது: கண், பன்றி, சுயநீதி

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த ஒரு சிறுகதையைக் கொடுத்து, இதில் மதக் குறியீடுகள் எவை, சுயநீதி (தன்னைத் தானே நீதிமானாக நினைத்துக்கொள்வது) எப்படி வருகிறது என்று எழுதச் சொன்னால் பெரும்பாலும் நடப்பது இதுதான். பன்றி என்றால் பாவம், தண்ணீர் என்றால் ஞானஸ்நானம், நெருப்பு என்றால் நரகம் என்று ஒரு பட்டியல் போடுவார்கள், கடைசியில் ‘கதாநாயகி திருந்தினாள்’ என்று எழுதி மூடிவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான். அந்தக் கதையை நான் படிக்கவே இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு கதையை வைத்துக்கொள்வோம், ஃபிளானரி ஓ'கானரின் ‘ரெவலேஷன்’. அவர் 1925-இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் பிறந்தவர். வாழ்க்கையின் கடைசிப் பகுதியை மில்லெட்ஜ்வில் அருகே அண்டலூசியா என்ற பண்ணையில் அம்மாவோடும் ஏராளமான மயில்களோடும் கழித்து, 1964-இல் லூபஸ் நோயால் 39 வயதில் இறந்தார். கதை வெளிவந்ததும் அதே 1964-இல்தான். அவர் இறந்த பிறகு, 1965-இல், சிறுகதைகளுக்கான ஓ. ஹென்றி விருதில் முதல் பரிசு பெற்றது. கதைக்குத் தேவையான ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: பாப்டிஸ்டுகளும் மற்ற புராட்டஸ்டன்டுகளும் நிறைந்த ஊரில் அவர் ஒரு கத்தோலிக்கர். அது எங்கே வேலை செய்கிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதல் தடவை படிக்கும்போது கையில் பென்சில் வேண்டாம். சும்மா படியுங்கள். கதை எளிது. ரூபி டர்ப்பின் என்ற 47 வயதுப் பெண் தன் கணவர் கிளாடோடு ஒரு டாக்டரின் காத்திருப்பு அறைக்கு வருகிறாள். கிளாடை மாடு உதைத்து காலில் புண். அறையில் இருப்பவர்களையெல்லாம் அவள் மனதுக்குள் எடைபோடுகிறாள், சத்தமாகப் பேச்சும் கொடுக்கிறாள். கல்லூரியில் படிக்கும் மேரி கிரேஸ் என்ற பெண் தடிமனான புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு அவளை முறைத்தபடியே இருக்கிறாள். டர்ப்பின் தன்னை இப்படிப் படைத்ததற்காக இயேசுவுக்கு உரக்க நன்றி சொல்லும் அந்தக் கணத்தில் புத்தகம் பறந்து வந்து முகத்தில் அடிக்கிறது, அப்புறம் அந்தப் பெண் பாய்ந்து கழுத்தைப் பிடிக்கிறாள். மயக்க ஊசி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் அவள் சொல்வது: நீ வந்த நரகத்துக்கே திரும்பிப் போ, கிழட்டுக் காட்டுப்பன்றி. டர்ப்பின் வீட்டுக்குப் போகிறாள், தன் பன்றிக் கொட்டிலின் முன்னால் நின்று கடவுளோடு சண்டை போடுகிறாள், சூரியன் மறையும்போது வானத்தில் ஒரு காட்சியைக் காண்கிறாள். அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை பென்சிலை எடுங்கள், ஆனால் குறியீடு தேட வேண்டாம். இந்தப் பார்வை யாருடையது என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். கதை படர்க்கையில் சொல்லப்படுகிறது, ஆனால் நாம் முழுக்க டர்ப்பினின் தலைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம். நல்ல உடை உடுத்திய பெண்மணிக்குக் கதைசொல்லி வைக்கும் அடைமொழி ‘இனிமையானவர்’. அவருடைய மகள் மேரி கிரேஸுக்குப் பெயர் தெரிகிற வரை, தெரிந்த பிறகும்கூட, ‘அவலட்சணமான பெண்’. அழுக்கு உடுப்போடு ஒரு சின்னப் பையன், அவன் அம்மா, பாட்டி, இவர்கள் ‘ஒயிட் டிராஷ்’, அதாவது ஏழை வெள்ளையரைத் தெற்கில் இளக்காரமாகச் சொல்லும் சொல். இவை யார் வைத்த பெயர்கள்? டர்ப்பின் வைத்தவை. நாம் அவற்றை அப்படியே வாங்கிக்கொண்டு மேலே போகிறோம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கதையைப் படிக்காத நண்பர் ஒருவரிடம் அந்தக் காத்திருப்பு அறையில் யார் யார் இருந்தார்கள் என்று வாயால் சொல்லிப் பாருங்கள். ‘ஒரு அவலட்சணமான பொண்ணு’ என்று உங்கள் வாயிலிருந்தே வரும். என் பழைய பிரதியில் அந்த அழுக்குப் பையன் வரும் இடத்தின் ஓரத்தில் ‘சே’ என்று எழுதி வைத்திருந்தேன். டர்ப்பினின் அகங்காரத்தைப் பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தவன் அவளுடைய மூக்கால் முகர்ந்துகொண்டிருந்தேன். சுயநீதியைப் பற்றி இந்தக் கதை செய்யும் மிகச் சாமர்த்தியமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

அடுத்து, நன்றி சொல்லும் இடங்களை அடிக்கோடிடுங்கள். சுயநீதி என்ற சொல்லைக் கேட்டதும் வேஷம் போடுகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். டர்ப்பின் வேஷக்காரி இல்லை. தமிழ் வேதாகமத்தில் ‘மாயக்காரர்’ என்று ஒரு சொல் வருமே, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இருப்பவர்கள், அந்த வகையில் அவளைச் சேர்க்க முடியாது. அவள் உண்மையாகவே உழைக்கிறாள், சபைக்குப் போகிறாள், கஷ்டப்படுகிறவர்களுக்கு வெள்ளையர் கறுப்பர் பார்க்காமல் உதவுகிறாள், நன்றியுணர்வும் நிஜம். சிக்கல் அந்த நன்றிக்குள்ளேயே இருக்கிறது. தான் வேறு யாராகவெல்லாம் பிறந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்து, அப்படிப் பிறக்கவில்லையே என்றுதான் அவள் மனம் பொங்குகிறது. லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் ஆலயத்தில் நின்று ஜெபிக்கும் பரிசேயனும் (மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன்) இதையே செய்கிறான்: மற்றவர்களைப் போல, அதோ வரி வசூலிக்கும் அந்த ஆயக்காரனைப் போல, நான் இல்லாததற்கு உமக்கு நன்றி. அவன் வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருப்பதும் தசமபாகம் கொடுப்பதும் பொய்யல்ல. வேஷம் போடுகிறவனைத் தோலுரித்துக் காட்டிவிடலாம், உண்மையிலேயே நல்ல காரியம் செய்கிறவளை என்ன செய்வது? இந்த வித்தியாசத்தைப் பிடிக்காமல் ‘டர்ப்பின் ஒரு போலி’ என்று எழுதினால் மொத்தக் கட்டுரையும் சாய்ந்துவிடும்.

அவள் தூக்கம் வராத இரவுகளில் மனிதர்களை அடுக்குகிற இடத்தையும் பெட்டி போட்டுக் குறித்து வையுங்கள். அடியில் கறுப்பினத்தவர்களில் பெரும்பாலானோர், அவர்களோடு சேர்த்து ஆனால் சற்றுத் தள்ளி ‘ஒயிட் டிராஷ்’, அதற்கு மேல் வீடு வைத்திருப்பவர்கள், அதற்கும் மேல் வீடும் நிலமும் வைத்திருப்பவர்கள், அதாவது அவளும் கிளாடும், அதற்கு மேல் பெரும் பணக்காரர்கள். ஆனால் அடுக்கு நிற்க மாட்டேன் என்கிறது. பணக்காரர்களில் சிலர் தரம் கெட்டவர்கள், நல்ல குடும்பத்தில் சிலர் சொத்தை இழந்தவர்கள், ஊரில் ஒரு கறுப்பினப் பல் மருத்துவரிடம் இரண்டு சிவப்பு லிங்கன் கார்களும் நீச்சல் குளமும் பண்ணையும் இருக்கின்றன. அவரை எங்கே வைப்பது? எல்லாம் குழம்பி, தூக்கத்தில் எல்லோரும் ஒரே சரக்கு ரயில் பெட்டியில் அடைக்கப்பட்டு எரிவாயு உலைக்குக் கொண்டுபோகப்படுவதாகக் கனவு வருகிறது. யூதப் படுகொலை நடந்து இருபது வருடம்கூட ஆகாத காலத்துக் கதை இது. சிரித்துக்கொண்டே வந்தவருக்கு இந்த ஒரு வாக்கியத்தில் மூச்சு நிற்க வேண்டும், நிற்கவில்லை என்றால் வேகமாகப் படிக்கிறீர்கள்.

இப்போது குறியீடுகளுக்கு வரலாம். நான் வைத்திருக்கும் விதி சாதாரணமானது. ஒரு பொருள் ஒரு தடவை வந்தால் அது வெறும் பொருள். மூன்று தடவை வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியிருந்தால் அதைப் பின்தொடர்ந்து போகலாம். மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் ஆளைக் காட்டுவதற்கான விவரம்தான்.

காலணிகளைப் பாருங்கள். டர்ப்பின் எல்லோருடைய கால்களையும் பார்க்கிறாள்: இனிமையான பெண்மணிக்கு உடைக்குப் பொருத்தமான சிவப்பும் சாம்பலுமான காலணி, மேரி கிரேஸுக்கு சாரணர் பெண்கள் போடுகிற ஷூவும் தடித்த காலுறையும், ஏழைத் தாய்க்கு வீட்டுச் செருப்பு. எரிகிற முட்செடிக்கு முன்னால் மோசே செருப்பைக் கழற்றிய கதை உடனே ஞாபகம் வரும், எழுதிவிடவும் கை துறுதுறுக்கும். வேண்டாம். கதையில் யாரும் எதையும் கழற்றுவதில்லை. இந்தக் காலணிகள் வர்க்கத்தை அளக்க அவள் கையில் வைத்திருக்கும் அளவுகோல், அவ்வளவே.

கண் அப்படியல்ல. முதல் பக்கத்திலேயே டர்ப்பினின் சின்னஞ்சிறு கருவிழிகள் அறையை அளக்கின்றன. மேரி கிரேஸின் கண்களில் ஏதோ ஒரு வினோத வெளிச்சம் இருப்பதாகத் திரும்பத் திரும்ப வருகிறது. புத்தகம் வந்து அடிக்கும் இடம் இடது கண்ணுக்கு மேலே. அவ்வளவு நேரம் எல்லோரையும் தரம் பிரித்துக்கொண்டிருந்த கருவியிலேயே அடி விழுகிறது. அடிபட்ட உடனே அவள் பார்வை முதலில் சுருங்குகிறது, எல்லாம் எங்கோ தூரத்துச் சின்ன அறையில் நடப்பது போல, டெலஸ்கோப்பைத் திருப்பிப் பிடித்துப் பார்ப்பது போலத் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் அது தலைகீழாகி எல்லாம் பெரிதாகத் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் அவள் அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே குனிந்து, எனக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்கிறாள். கடைசியில் அதே கண்கள்தான் வானத்தைப் பார்க்கின்றன. ஒவ்வொரு தடவையும் மாறுகிறதா? மாறுகிறது. இதைப் பின்தொடரலாம். தலைப்பே ‘வெளிப்படுத்துதல்’ என்பதும், வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் அதே பெயர்தான் என்பதும் இந்த இடத்தில் சேர்த்தால் பொருந்தும்.

பன்றிக்கு இன்னும் சுவாரசியமான பாதை. முதலில் அது பெருமையாக வருகிறது. பன்றி நாறும் என்று அந்த ஏழைத் தாய் சொன்னதும் டர்ப்பின் வெடுக்கென்று பதில் சொல்கிறாள்: எங்கள் பன்றிகள் நாறாது, நான் பார்த்த சில குழந்தைகளைவிடச் சுத்தம், அவற்றின் கால் மண்ணில் படுவதே இல்லை, சிமென்ட் தரை போட்ட கொட்டில், தினமும் கிளாட் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவுகிறார். (எந்தக் குழந்தை என்று சொல்லத் தேவையில்லை, அந்தப் பையன் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறான்.) அப்புறம் அதே பன்றி வசவாகத் திரும்பி வந்து அவள்மேல் விழுகிறது. மூன்றாவது தடவை அவளே குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு, தான் கழுவும் பன்றிகளுக்கு முன்னால் நின்று கேட்கிறாள்: நான் எப்படிப் பன்றியாகவும் நானாகவும் இருக்க முடியும், எப்படி மீட்கப்பட்டவளாகவும் நரகத்திலிருந்து வந்தவளாகவும் இருக்க முடியும்? பன்றி என்றால் பாவம் என்று மொட்டையாக எழுதிவிட்டால் இந்த மூன்று படியும் காணாமல் போய்விடும். பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் கழுவுகிறவர்களைப் பற்றி மத்தேயு 23-இல் ஒரு கடுமையான பேச்சு உண்டு. சிமென்ட் தரையில் நிற்கும் பன்றியைக் குழாய் வைத்துக் கழுவும் காட்சிக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். கெட்ட குமாரன் பன்றிகளோடு கிடந்ததையும் பிசாசுகள் பன்றிக் கூட்டத்துக்குள் போனதையும் இழுக்கலாம், ஆனால் அவை அவ்வளவு இறுக்கமாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

வேதாகம ஒப்புமைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. எத்தனை கண்டுபிடித்தோம் என்ற போட்டியில் இறங்கினால் கட்டுரை ஞாயிறு பள்ளி வினாடி வினா ஆகிவிடும். இரண்டோ மூன்றோ போதும், அதிலும் எங்கே பொருந்துகிறது என்பதைவிட எங்கே பொருந்தாமல் போகிறது என்பதில்தான் சரக்கு இருக்கிறது. லூக்காவின் உவமையில் எதிரே நிற்பவன் மார்பில் அடித்துக்கொண்டு அழும் ஆயக்காரன். இந்தக் கதையில் எதிரே இருப்பவள் மேரி கிரேஸ். பெயரில் மரியாளும் உண்டு, கிருபையும் (தகுதி பார்க்காமல் கடவுள் தரும் அருள்) உண்டு, ஆனால் ஆள் எப்படி? எல்லோரையும் வெறுக்கிறாள், பெற்ற தாயைக்கூட. வடக்கே வெல்லஸ்லி கல்லூரியில் படிக்கிறாள், கையில் இருக்கும் புத்தகத்தின் பெயர் ‘மனித வளர்ச்சி’, வளர்ச்சி பற்றிய புத்தகத்தை ஆளின் முகத்தில் எறிகிறாள். அவளும் ஒரு வகையில் சுயநீதிக்காரிதான், அவளுடைய அடுக்கில் டர்ப்பின் அடியில் இருக்கிறாள். கிருபை நல்லவர்கள் கையால்தான் வரும் என்று ஓ'கானர் எங்கேயும் எழுதவில்லை. மேரி கிரேஸை நியாயவாதியாக்கி, டர்ப்பினைக் குற்றவாளியாக்கி எழுதினால் நாம் இன்னொரு அடுக்கு கட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

டர்ப்பின் கடவுளைக் கேள்வி கேட்கும் இடத்துக்கு எல்லோரும் காரணமில்லாமல் துன்பப்பட்டுக் கடவுளிடமே வழக்காடிய யோபுவைத்தான் கொண்டுவருவார்கள், தவறில்லை. ஆனால் ஓ'கானரே ஒரு கடிதத்தில் அவளை நாட்டுப்புறத்துப் பெண் யாக்கோபு என்கிறார், பன்றிக் கொட்டிலுக்கு அப்பால் நிற்கும் கடவுளைப் பார்த்துக் கத்த ஒருத்தி ரொம்பப் பெரிய மனுஷியாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அதாவது எழுத்தாளருக்கு அவளைப் பிடித்திருக்கிறது. யாக்கோபு கடவுளோடு இரவெல்லாம் போராடி, தொடைச் சந்து சுளுக்கி, ஆனாலும் ஆசீர்வாதத்தோடு போனவன். இந்தக் கடிதத்தைத் தெரிந்துகொண்ட பிறகு கொட்டில் காட்சியைத் திரும்பப் படியுங்கள், கேலிச் சித்திரமாகத் தெரிந்தது வேறு மாதிரி தெரியும். நீ யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அவள் கடவுளை நோக்கிக் கத்துகிறாள், அந்தக் கேள்வி மரங்களுக்கு அப்பாலிருந்து எதிரொலியாக அவளிடமே திரும்பி வருகிறது. விளக்கமே வேண்டாம், அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டு நகருங்கள்.

கடைசிக் காட்சி. இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான், முன்னால் பெட்டி போட்டுக் குறித்த அந்த அடுக்குப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. வானத்தில் ஒரு ஊதாக் கீற்று, அது தொங்கு பாலமாகிறது, நெருப்பு வெளியினூடே ஆத்துமாக்கள் மேலே போகின்றன. ஏழை வெள்ளையர் வாழ்நாளில் முதல் தடவையாகச் சுத்தமாக, கறுப்பினத்தவர் வெள்ளை அங்கியில், பைத்தியங்களும் வினோதப் பிறவிகளும் கைதட்டித் தவளை போலக் குதித்துக்கொண்டு. எல்லோருக்கும் பின்னால், கடைசியாக, கண்ணியமாக, ஒழுங்காக, சுருதி பிசகாமல் பாடிக்கொண்டு அவளும் கிளாடும் போன்றவர்கள். பட்டியல் தலைகீழாகிவிட்டது, முந்தினோர் பிந்தினோராவார்கள் என்ற வசனம் யாருக்கும் தோன்றும். ஆனால் கவனியுங்கள், அவர்கள் வெளியே தள்ளப்படவில்லை. வரிசையின் கடைசி, ஆனால் வரிசையில்தான். ‘டர்ப்பின் நரகத்துக்குப் போகிறாள் என்று கதை சொல்கிறது’ என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிக் குதித்தவர்கள்.

நெருப்பும் நரக நெருப்பு அல்ல. அந்தக் கடைசி வரிசையில் போகிறவர்களின் நற்குணங்களே எரிந்துகொண்டிருப்பது அவர்களின் அதிர்ந்த முகங்களில் தெரிகிறது. பாவம் எரிவது எவருக்கும் புரியும், நற்குணம் ஏன் எரிய வேண்டும்? ஓ'கானர் கத்தோலிக்கர் என்பது இங்கே வேலை செய்கிறது. மேலே போகிற வழியில் சுத்திகரிக்கும் நெருப்பு, பழைய கத்தோலிக்கத் தமிழில் உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்களே, அதற்குப் பக்கத்தில் நிற்கும் நெருப்பு இது. குழாய்த் தண்ணீரால் கழுவ முடியாத ஒன்று அந்த நற்குணங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது என்று நான் படிக்கிறேன். தண்ணீர் பன்றிக்கு, நெருப்பு ஆளுக்கு. கட்டுரையின் மையம் எது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

இனவெறி பற்றிப் பேசாமல் நகர வேண்டாம். காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் வெள்ளையர், கறுப்பினப் பையன் ஒருவன் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். பண்ணையில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்கள் டர்ப்பினைப் புகழ்ந்து தேற்றும்போது அது வெறும் முகஸ்துதி என்று அவளுக்கே தெரிகிறது, அவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் கதை நமக்குக் காட்டுவதும் இல்லை. ஓ'கானரின் கடிதங்களிலும் இன வெறுப்பான பேச்சு உண்டு. 2020-இல் மேரிலாந்தில் இருக்கும் லொயோலா பல்கலைக்கழகம் ஒரு விடுதிக் கட்டடத்திலிருந்து அவர் பெயரை எடுத்தது. எழுத்தாளர் டர்ப்பினுக்கு வெளியே பத்திரமாக நின்றுகொண்டு அவளைத் தீர்ப்பிடவில்லை என்பதற்கு இதுவும் சாட்சி. கதையை இது பலவீனப்படுத்துகிறதா பலப்படுத்துகிறதா என்பதில் எனக்கு இரண்டு மனம் உண்டு, நீங்கள் ஒரு பக்கம் எடுத்தால் தெளிவாக எடுத்து எழுதுங்கள்.

இதே முறையை அவருடைய மற்ற கதைகளிலும் போட்டுப் பார்க்கலாம். ‘குட் கண்ட்ரி பீப்பிள்’ கதையில் சுயநீதிக்காரி ஒரு நாத்திகப் பட்டதாரி, அவளுடைய மரக்கால்தான் பின்தொடர வேண்டிய பொருள். ‘எ குட் மேன் இஸ் ஹார்டு டு ஃபைண்ட்’ கதையில் பாட்டி நன்றாக உடுத்தி, தொப்பியும் வைத்துக்கொண்டு கிளம்புகிறாள், விபத்தில் செத்துக் கிடந்தாலும் பார்க்கிறவர்களுக்குத் தான் ஒரு சீமாட்டி என்று தெரிய வேண்டுமாம். அந்தத் தொப்பிக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே கதையில் வரும் கொலைகாரனின் கறுப்புத் தொப்பிக்கு என்ன அர்த்தம் என்று ஒரு ஆசிரியர் ஓ'கானரிடமே விடாமல் கேட்டாராம். தலையை மூடுவதற்கு என்று பதில் வந்தது. ஒரே கதை, இரண்டு தொப்பி, ஒன்று மாறுகிறது, மற்றது சும்மா தலையில் இருக்கிறது.

சரி, கட்டுரையை எப்படி முடிப்பது? ‘அவள் மனம் மாறினாள்’ என்று எழுதாதீர்கள், கதையில் அப்படி ஒரு வரி இல்லை. காட்சி மறைந்த பிறகு அவள் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறாள், குழாயை மூடுகிறாள், இருட்டிக்கொண்டு வரும் பாதையில் மெதுவாக வீட்டுக்கு நடக்கிறாள். சுற்றிலும் மரங்களில் சில்வண்டுகள் கத்த ஆரம்பித்துவிட்டன, ஆனால் அவள் காதில் விழுவது மேலே ஏறிக்கொண்டிருக்கும் ஆத்துமாக்கள் அல்லேலூயா என்று கூவுவது. நாளைக் காலையில் அவள் அந்த வேலைக்காரப் பெண்களிடம் எப்படிப் பேசுவாள் என்பதை ஓ'கானர் எழுதவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.